சூசை அண்ணையின் காருக்கு வந்த அம்மை

பெயின்ற் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, செய்த வேலையில் குறை சொல்லிக்கொண்டு திரும்பி வருகிற ஆளை வாசலில் கண்டதும் பின்பக்கத்தால் நழுவுகிற கெட்டித்தனம் உங்களில் சிலருக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் அப்படி நழுவவேண்டும் போலிருந்த நாட்கள் உண்டு. நழுவியிருந்தால் இந்தத் தொழிலில் நான் கற்ற பெரிய பாடம் எனக்குக் கிடைத்திராது. என் கலியாணம்கூட வேறு விதமாக நடந்திருக்கும். எத்தனை தரம் அடிக்க வேண்டும், எதில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு காரைப் பற்றியும், அதைத் திரும்பத் திரும்ப என்னிடமே கொண்டுவந்த ஒரு மனிதரைப் பற்றியும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முந்திய காலம் அது. யாழ்ப்பாணப் பட்டினத்தில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கார் பழுதுபார்க்கிற எங்கள் முதலாளியின் கராச் இருந்தது. நான் இணுவிலிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். அதுவரை கார்களுக்குத் தூரிகையால்தான் பெயின்ற் பூசினோம். காற்றால் தெளிக்கிற கருவி பட்டினத்துக்கு வந்தபோது அதைக் கையில் பிடித்த முதல் சிலரில் நானும் ஒருவன். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூட. பட்டினத்தில் வேறு யார் அடித்த காரைக் கண்டாலும் அதில் ஒரு பழுது கண்டுபிடிக்காமல் எனக்குத் தேத்தண்ணி இறங்காது.

சூசை அண்ணை குருநகர் ஆள். தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் வள்ளத்தை விட்டுக் காரில் ஏறினார். அதற்குக் காரணம் அவருடைய மனைவி. அந்த அம்மாவின் தகப்பன் ஒரு சோழகக் காற்றில் கடலுக்குப் போய்த் திரும்பவே இல்லை. கடலுக்குப் போகாத மாப்பிள்ளை என்றால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லி அவரைக் கட்டியவர். சூசை அண்ணையும் வாக்குக் கொடுத்து, பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். மேலே மடித்துவைக்கக்கூடிய கன்வஸ் கூடாரம், முன்கண்ணாடிக்குக் கீழே அந்தோனியார் படம். வாடகைக்குப் பிடிப்பவர்களோ பெரும்பாலும் வலிகாமத்தில் தோட்டம் செய்கிற சைவக் கமக்காரர். கலியாணம் என்றால் அவர்கள் காரின் முன்மூடியான பொனற்றிலே சந்தனப் பொட்டு வைத்து, திருநீறும் பூசிவிடுவார்கள். அந்தோனியார் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை. சில்லறை ஓட்டம் அன்றாடச் சோற்றுக்குக் காணும். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கூரையும் கலியாண ஓட்டத்தை நம்பித்தான் இருந்தன.

ஓர் ஆவணி மாதம், பொழுதுபட்ட நேரத்தில், அச்சுவேலிப் பக்கம் விளக்கில்லாமல் வந்த புகையிலை வண்டியொன்றில் அந்தக் கார் உரசிவிட்டது. மாடுகளுக்கும் ஒன்றுமில்லை, மனிதருக்கும் ஒன்றுமில்லை. காரின் இடப்பக்க முன் மட்காட்டும் இரண்டு கதவுகளும் நெளிந்துபோயின. வேறொரு கராச்சில் அவற்றைத் தட்டி நிமிர்த்தி, பெயின்றும் அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கோலத்தோடுதான் சூசை அண்ணை முதன்முதலாக எங்களிடம் வந்தார்.

காரைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ஒரு கதவு கறுப்பு, மற்றக் கதவு சாம்பல். மட்காட்டில் பெயின்ற் வழிந்து நூல் நூலாகக் காய்ந்திருந்தது. தடவிப் பார்த்தால் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பு. அங்கங்கே கொப்புளம் போலச் சின்னச் சின்னப் பொங்கல்களும் இருந்தன. நான் அவற்றைப் பெரிதாக எடுக்கவில்லை.

“ஆர் அண்ணை உதை அடிச்சது? விளக்குமாத்தாலையோ?” என்று கேட்டேன்.

“சிரியாதை தம்பி. கலியாண மாசங்கள் வருகுது. வடிவாச் செய்து தா.”

செய்தேன். பழைய பெயின்றைத் தேய்த்து, பள்ளங்களை நிரப்ப மக்கு என்கிற பசை வைத்து, நீர்விட்டு அரத்தாளால் மழமழவென்று தேய்த்து, இடப்பக்கம் முழுவதையும் தெளித்தேன். நிறம் ஒத்துப்போக வேண்டுமென்று வலப்பக்கத்தையும் நீர் விடாமல் காய்ந்தபடியே லேசாகத் தேய்த்துவிட்டு அதே பெயின்ற் தகரத்திலிருந்து ஒரு தரம் தெளித்தேன். வெயிலில் வெளியே தள்ளிவிட்டபோது கதவில் முகம் பார்த்துத் தலை இழுக்கலாம். சூசை அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து உண்மையிலேயே தலை இழுத்தார். கராச் முழுக்கச் சிரித்தது. முந்திய கராச்காரரைப் பற்றி அன்று நான் கதைத்த கதைகளை இப்போது நினைத்தால் காது கூசுகிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மழை விட்ட ஒரு நாள் சூசை அண்ணையின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. கதவின் கைபிடியில் ஒரு கொத்து வேப்பிலை கட்டியிருந்தது. அது எனக்கு முதலில் விளங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். நான் கண்ணாடியாக்கிக் கொடுத்த இடப்பக்கம் முழுவதும் கொப்புளம். கடுகளவு, பயறளவு, சில இடங்களில் கடலையளவு. அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய் கண்ட பிள்ளையின் முதுகு அப்படித்தான் இருக்கும்.

“மருதனார்மடச் சந்தியிலை சந்தை ஆக்களை இறக்கிப்போட்டு வெத்திலை வாங்கப் போனனான். வந்து பாக்கிறன், பொடியள் ஆரோ உதைக் கட்டிப்போட்டாங்கள்” என்றார். “அவிட்டு எறிஞ்சுபோட்டு வந்திருப்பன் தம்பி. நீயும் ஒருக்காப் பாக்கவேணும் எண்டுதான் அப்பிடியே கொண்டு வந்தனான்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் சொன்ன மிச்சம்தான் என்னைச் சுட்டது. அம்மாள் வருத்தக்காரரை ஏற்றி ஓடியபடியால்தான் காருக்கும் போட்டிருக்கிறது என்று முதலில் யாரோ பகிடிக்குச் சொல்லியிருக்கிறார்கள். பகிடி நாலு வாய் மாறியதும் மெய்யாகிவிட்டது. இணுவிலில் ஒரு தாய் பிள்ளையை ஏற்ற வந்தவர் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். பேசிவைத்திருந்த கலியாண ஓட்டம் ஒன்றையும் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பக்கம் அவருடைய தமையன், வள்ளத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

“கடலுக்குப் போறது எனக்குப் பெரிசில்லைத் தம்பி. மனுசிக்குக் குடுத்த வாக்கு ஒண்டு கிடக்கு” என்றார்.

அன்று அவர் வேறு கராச்சுக்குப் போயிருக்கலாம். போகிற இடமெல்லாம் என் பெயரை நாறடித்திருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது. ஆனால் என்னிடமே கொண்டுவந்தார். அந்த ஒரு காரியத்துக்கு அவரை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அந்த நேரம் எனக்கு அந்த நன்றி ஒன்றும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெயின்ற் தகரம் பழுது என்றேன். தட்டி நிமிர்த்தியவர்கள் கதவுத் தகட்டில் கறளை, துருவை, சுரண்டாமல் விட்டுவிட்டார்கள் என்றேன். முதலாளி அமைதியான மனிதர், வாயைத் திறந்தால் ஒரு பழமொழியோடு மூடிவிடுவார். “ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் கொப்புளம் கண்ட இடங்களை மட்டும் தேய்த்து, அவசரமாக மக்கு வைத்து, திரும்பவும் நீர்விட்டுத் தேய்த்து, வேறு தகரம் உடைத்து அடித்துக் கொடுத்தேன். “இனி ஒண்டும் வராது அண்ணை, நிச்சயம்” என்றேன். அடுத்த மழைக்கு அவ்வளவும் திரும்பி வந்தன, உறவினரையும் கூட்டிக்கொண்டு.

இப்போதுதான் நெருக்கடி. அச்சுவேலியில் வசதியான வீடொன்றில் கார்த்திகையில் கலியாணம். அவர்களுக்குச் சூசை அண்ணையின் நிதானமான ஓட்டம் பிடிக்கும். காருக்கு வருத்தம் ஒன்றும் இல்லையென்றால் பெண் மாப்பிள்ளைக்கு அந்தக் காரையே பிடிக்கலாம், நாளைக் காலை பெண்ணின் தகப்பன் கராச்சுக்கே வந்து பார்ப்பார் என்று ஆள் வந்து சொல்லிப்போனது. அந்த வீட்டுக் கலியாணத்தில் கார் ஓடிவிட்டால் ஊர்வாய் தானாக அடங்கும். சூசை அண்ணையின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது.

கராச்சில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கொப்புளங்களைத் தட்டையாகத் தேய்த்து, மேலே ஒரு தரம் தெளித்து, மெழுகு போட்டு மினுக்கிவிடு, கலியாணம் மட்டும் தாங்கும் என்பதே எல்லாருடைய கதையும். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. முதலாளி மட்டும் என்னைப் பார்த்து, “கையிலை பெயின்ற் பிடிக்கிறவன் நீ. நீ சொல்லு” என்றார்.

வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, “கொஞ்சம் பொறுங்கோ முதலாளி” என்றேன். தம்பிமாரே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்தச் சொல்லைத்தான். எல்லாரும் அவசரப்படுத்துகிற நேரத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், ஒருவரும் அடித்துக் கொல்லமாட்டார்கள்.

காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முதல் தடவை ஒரே தகரத்திலிருந்துதான் இரண்டு பக்கமும் தெளித்தேன். வலப்பக்கத்தில் ஒரு கொப்புளமும் இல்லை. அப்படியென்றால் பெயின்றில் பிழை இல்லை. இடப்பக்கப் பின்கதவில் அடியே படாத மேல்பகுதி ஒன்று இருந்தது, தட்டுவேலைக்காரரின் சுத்தியல் அங்கே பட்டதே இல்லை. அங்கேயும் கொப்புளம். அப்படியென்றால் தட்டுவேலையிலும் பிழை இல்லை. பெயின்றும் இல்லை, தட்டுவேலையும் இல்லை என்றால் மிச்சம் நான்தான். இடப்பக்கம் முழுவதும் நீர்விட்டுத் தேய்த்தது நான். வலப்பக்கத்தைக் காய்ந்தபடியே விட்டதும் நான்.

ஒரு குண்டூசியை எடுத்துப் பெரிய கொப்புளமொன்றைக் குத்தினேன். ஒரு சொட்டு நீர் வந்தது. என்ன நினைப்பில் செய்தேனோ தெரியாது, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

“அண்ணை, இதை ஒருக்கா நாக்கிலை வைச்சுப் பாருங்கோ.”

சூசை அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு இன்னொரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளித் தொட்டு வைத்தார். “உது உப்பெல்லோ!” என்றார். “காருக்குள்ளை என்னண்டு உப்பு வந்தது?”

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் காலடியிலேயே இருந்தது. நான் அரத்தாள் நனைக்கிற வாளி வெறுமையாகக் கிடந்தது. அதன் உள்விளிம்பில், நீர் காய்ந்த இடத்தில், வெள்ளையாக ஒரு வளையம்.

எங்கள் கராச் கிணறு உவர்க் கிணறு. அது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதை வாயில் வைப்பதில்லை. குடிக்கவும் தேத்தண்ணி வைக்கவும் வண்டியில் வருகிற நல்ல தண்ணீரை வாங்கி மூடி வைத்திருப்போம். கைகால் கழுவ, நிலம் கழுவ, கார் கழுவ உவர்த் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்கு நடக்கப் பழகும்போதே இந்தப் பிரிவினை பழகிவிடும், இது குடிக்கிற கிணறு, இது மற்றக் கிணறு என்று. அரத்தாளையும் வாளியையும் நான் யோசியாமல் மற்றக் கிணற்றுப் பக்கம் சேர்த்துவிட்டேன். கார் என்ன தண்ணீர் குடிக்கவா போகிறது என்ற எண்ணம். ஆனால் குடித்திருக்கிறது. மக்கு அந்த நீரை உறிஞ்சி உப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டது. காரின் தகட்டிலும் உப்பு படிந்து காய்ந்தது. அதன்மேல் நான் பெயின்றை அடித்து மூடினேன். மழையிலும் பனியிலும் ஈரம் உள்ளே இறங்க, அந்த உப்பு அதைப் பிடித்து இழுத்துப் பொங்கியது. தூரிகைக் காலத்தில் நாங்கள் நீர்விட்டுத் தேய்க்கவில்லை, அதனால் இந்த வருத்தம் எங்களுக்குத் தெரியாது. முந்திய கராச்காரரின் கிணறும் உவர்தான், அவர்களுடைய சின்னப் பொங்கல்களும் இதே உப்புத்தான். நான் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கே திரும்பி வந்தது.

காரணம் தெரிந்த சந்தோசம் கனநேரம் நிற்கவில்லை. சூசை அண்ணையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

“அண்ணை, நாளைக்கு அவை வந்து பாக்கேக்கை மினுங்கச் செய்யலாம். கலியாணத்தண்டு மழை பெய்யாட்டித் தப்பலாம். பெய்தால், பொம்பிளை மாப்பிள்ளை உள்ளுக்கை இருக்கேக்கையே பொங்கும். தகரம் தெரியச் சுரண்டி முதலிலையிருந்து செய்தால்தான் சரிவரும். அதுக்கு நாள் எடுக்கும். உந்த ஓட்டம் போயிடும்.”

அவர் காரின் மிதிபலகையில் குந்திக்கொண்டார். மழை திரும்பவும் தூறத் தொடங்கியிருந்தது.

“உனக்கு இப்ப நிச்சயமாத் தெரியுமோ?”

“போன முறையும் நிச்சயம் எண்டுதான் சொன்னனான் அண்ணை. அப்ப காரணம் தெரியாது. இப்ப தெரியும்.”

“அப்ப சுரண்டு” என்றார்.

அவ்வளவுதான். இரண்டு தடவை தன்னைக் கவிழ்த்தவனிடம், கைக்கு வந்த நல்ல ஓட்டத்தையும் விட்டுவிட்டு அப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

மறுநாள் காலை அச்சுவேலிக்காரர் வந்தபோது முதலாளி தாமே வாசலுக்குப் போனார். சூசை அண்ணைக்கு வருத்தம், கார் ஓடாது, இப்படி ஒரு பொய் சொல்லியிருந்தால் கராச்சின் பெயர் தப்பியிருக்கும். முதலாளி சொன்னது வேறு. “காருக்கு அம்மையுமில்லை, ஒரு வருத்தமுமில்லை. எங்கடை கிணத்துத் தண்ணி உப்பு. அதிலை தேய்ச்சுப் பெயின்ற் அடிச்ச பிழை எங்கடை. சூசையிலை ஒரு பிழையும் இல்லை.” வந்தவர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், வேறு காரைப் பிடித்துக்கொண்டு கலியாணத்தை முடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற தொழில்காரர்கள் நிறைந்த ஊரில் எனக்கு அப்படி ஒரு முதலாளி கிடைத்தார். கார் சுரண்டிக் கிடந்த நாட்களில் கராச் லொறியைச் சூசை அண்ணையிடம் கொடுத்து, அவர் வீட்டு அடுப்பு அணையாமலும் பார்த்துக்கொண்டார்.

நல்ல தண்ணீருக்கு மருதனார்மடத்தில் என் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் தமையன். செம்மண் தோட்டத்துக்கு நடுவில் அவருடைய கிணறு, அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவருக்குப் பொழுது போவது தெரியாது. “காருக்கோ என்ரை கிணத்துத் தண்ணி?” என்று முகத்தைச் சுளித்தவர், பிறகு தாமே மாட்டு வண்டியில் பீப்பாக்களை ஏற்றினார். அவருடைய மகள் பூமணி அள்ளி ஊற்றினாள். அவள் எனக்கு முறை மச்சாள், வைகாசியில் எங்களுக்குக் கலியாணம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். எதற்கென்று கேட்டாள், உப்புக் கதையைச் சொன்னேன்.

“அப்ப பழைய வாளியும் துணியும் என்ன செய்யப் போறியள்?” என்றாள். “அதுகளிலையும் உப்பு ஊறிக் கிடக்குமெல்லோ.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. பழைய வாளி, துணி, அரத்தாள் எல்லாவற்றையும் எறிந்தேன்.

இடப்பக்கம் முழுவதும் தகரம் வெளிச்சமாகத் தெரியும்வரை சுரண்டி, மாமாவின் கிணற்று நீரால் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஈரக் காற்றில் தெளித்தால் பெயின்ற் பால் படிந்தமாதிரி வெளுத்துவிடும். ஆகவே வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. மார்கழி வானம் எங்களுக்கு வெயிலைக் கிள்ளிக் கிள்ளித்தான் தந்தது. சூசை அண்ணை லொறியை விட்டு இறங்கி வந்து பார்ப்பார், ஒரு நாளும் எப்போது முடியும் என்று கேட்டதில்லை. தையில் வேலை முடிந்தது. மூடி வைக்கவில்லை. வேண்டுமென்றே கடற்கரைப் பக்கம் வெளியில் நிறுத்தி, மாசிப் பனி முழுவதையும் குடிக்க விட்டோம். காலையில் கதவைத் தடவிப் பார்க்கிற வேலையை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பொங்கலும் இல்லை.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கார் சுகப்பட்டுவிட்டது, ஊர் அதை நம்பவில்லை. “அம்மைக் கார்” என்ற பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். சில்லறை ஓட்டத்துக்கே ஆட்கள் பின்னடித்தார்கள். கலியாணம் என்றால் ஏறிட்டும் பார்க்கவில்லை. பங்குனி கழிந்தது. ஒரு நாள் சூசை அண்ணை வந்து, வைகாசி கழியக் காரை விற்கப் போவதாகச் சொன்னார். தமையனின் வள்ளத்துக்கு ஓம் என்று சொல்லிவிட்டாராம்.

“உன்னிலை ஒரு குறையுமில்லைத் தம்பி. நீ உன்ரை வேலையைச் செய்திட்டாய்” என்றார்.

என்னால் அதை ஏற்க முடியவில்லை. அன்று மாலை நேரே மாமா வீட்டுக்குப் போனேன். கலியாணத்தன்று பெண்ணை மருதனார்மடத்திலிருந்து இணுவிலுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவது சூசை அண்ணையின் காரில்தான் என்று சொன்னேன். கலியாண ஏற்பாடு பேச அங்கே வந்திருந்த என் அம்மா அழத் தொடங்கிவிட்டார். மாமா எழுந்து நின்றார்.

“ஊரிலை வேறை காரே இல்லையோ? அம்மை போட்ட காரிலை என்ரை பிள்ளையை ஏத்தமாட்டன்.”

“அது அம்மை இல்லை மாமா, உப்பு. நான்தான் செய்தனான். நான் பூசின காரிலை நானே ஏறாட்டி வேறை ஆர் ஏறுவினம்?”

“நீ ஏறு. உன்ரை கெட்டித்தனத்தைக் காட்ட என்ரை பிள்ளையோ கிடைச்சவள்?”

அவர் கேட்டதும் நியாயம்தான். மாமா சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று எனக்கும் பயமாக இருந்தது. அப்போது அறைக்குள்ளிருந்து பூமணியின் குரல் வந்தது.

“ஐயா, எங்கடை கிணத்துத் தண்ணியிலை கழுவின கார்தானே. நான்தானே அள்ளி ஊத்தினனான். அதிலை ஏற எனக்கென்ன பயம்?”

அந்தக் கிணற்றில் குறை சொல்ல மாமாவால் எப்படி முடியும்? “என்னவும் செய்யுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

வைகாசியில் தாலி கட்டி முடிந்தது. பின்னேரம் சூசை அண்ணை வெள்ளைச் சட்டையோடு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூடாரத்தை மடித்திருந்தார். மாமா சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்தார். பொனற்றில் வைக்கவில்லை, நான் சுரண்டிப் பூசிய அந்த இடப்பக்கக் கதவில் தம் கையால் பெரிய பொட்டாக வைத்தார். பூமணி அந்தக் கதவைத் தானே பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மருதனார்மடத்திலிருந்து இணுவில் கூப்பிட்டால் கேட்கிற தூரம். சூசை அண்ணை நேர்வழியால் போகவில்லை. சந்தை வழியாக, கோயில் வீதி வழியாக, ஒழுங்கை ஒழுங்கையாக, நடக்கிற வேகத்தில் கொண்டுபோனார். சனம் வேலியடிக்கு வந்து பார்த்தது. “உது அந்தக் காரெல்லோ?” என்று கேட்பதும் எங்கள் காதில் விழுந்தது. நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். பூமணி தலை குனிந்தபடி, கை மட்டும் வெளியே கதவின்மேல் இருந்தபடி வந்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் கையை அங்கே வைத்தாள் என்று பிறகு சொன்னாள்.

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. ஆலாத்தி எடுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து எங்கள் ஒழுங்கைக் கமக்காரர் ஒருவர் முன்னால் வந்து, கதவைத் தடவிப் பார்த்தார். குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “சூசை, ஆவணியிலை என்ரை மூத்தவளுக்குக் கலியாணம். கார் வருமோ?” என்று கேட்டார்.

சூசை அண்ணை இரண்டு கையாலும் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். வேப்பிலையோடு வந்த அன்றும் கலங்காத மனிதருடைய கண் கலங்கி நின்றது. கேட்டவர் பதில் வராமல் ஒரு மாதிரி நின்றார். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுக்குமுன், தலை நிமிரக் கூடாத புதுப்பெண் தலை நிமிர்ந்தாள்.

“வருமெண்டு சொல்லுங்கோ அண்ணை” என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மா வெட்கத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சூசை அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, “வரும். வரும்” என்று இரண்டு தரம் சொன்னார்.

தையில் முடிந்துவிட்டதென்று நான் நினைத்திருந்த வேலை, தம்பிமாரே, அந்த நேரத்தில்தான் முடிந்தது.